தன்னாட்சிக் கல்லூரியில் படித்தால் பட்டம் தருவது யார்? எம்.ஃபில். இல்லாமல் முனைவர் பட்டம் செய்யலாமா?

மணப்பாறை அண்ணன்:
வணக்கம். என் தங்கை தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் இளங்கலைத் தமிழ் முடித்து, ஆறு பருவத்து மதிப்பெண் பட்டியல்களையும் தற்காலிகச் சான்றிதழையும் வாங்கிவிட்டாள். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் கிடைக்குமாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள் என்பதால் வீட்டில் விவரம் தெரிந்தவர் இல்லை. வினாத்தாள் எடுப்பதும் விடைத்தாள் திருத்துவதும் கல்லூரியே என்னும்போது, பட்டத்தையும் கல்லூரிதான் தருமா? முதுகலையில் சேரத் தற்காலிகச் சான்றிதழ் போதுமா? முனைவர் பட்டத்துக்கு முன், முதுகலைக்குப் பிறகு படிக்கும் எம்.ஃபில். என்ற ஆய்வுப் பட்டம் கட்டாயம் என்று ஒருவர் சொன்னது சரியா?

தேர்வுப் பிரிவில் இருந்தவன்:
பட்டம் தருவது பல்கலைக்கழகமே. சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை தவிர வேறு யாரும் பட்டம் வழங்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் (1956) 22ஆம் பிரிவு சொல்கிறது. தன்னாட்சி என்பது பாடத்திட்டம் வகுக்கவும் தேர்வு நடத்தவும் கிடைக்கும் உரிமை மட்டுமே. தேர்ச்சி பெற்றவர்களின் பட்டியலைக் கல்லூரி அனுப்பிவைக்க, பல்கலைக்கழகம் தன் முத்திரையோடு பட்டம் வழங்குகிறது. அதில் கல்லூரியின் பெயரும் இடம்பெறும்.

முதுகலைச் சேர்க்கைக்குத் தற்காலிகச் சான்றிதழ் போதும், தம்பி. ஆனால் பட்டத்துக்கான விண்ணப்பத்தை உங்கள் தங்கையே கவனமாக நிரப்பட்டும். பெயரும் தலைப்பெழுத்தும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒரே ஓர் எழுத்து மாறிப்போனதற்காகத் திருத்தம் கேட்டு, கையில் வேலை உத்தரவோடு எங்கள் சன்னலுக்கு முன்னால் நின்ற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆசையாக லேமினேஷன் செய்துவிடவும் வேண்டாம். பின்னாளில் அதன் மேல் அலுவலக முத்திரை வைக்க வழியில்லாமல் போகும்.

ஆய்வு மாணவி:
எம்.ஃபில். பற்றி உங்களுக்குச் சொன்னது பழைய தகவல். மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அந்தப் பட்டத்தையே நிறுத்திவிட்டன. முதுகலையில் 55 விழுக்காடு பெற்று, நெட் (தேசியத் தகுதித் தேர்வு) போன்ற தகுதித் தேர்வு வழியாகவோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு வழியாகவோ நேரே முனைவர் பட்டத்தில் சேரலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு.

உங்கள் தங்கை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. இளங்கலையிலும் முதுகலையிலும் தாள்தாளாகத் தேர்ச்சி பெற்றால் பட்டம் தானாக வந்து சேரும். அரியர் இருந்தால் மறுபடி எழுதிக்கொள்ளலாம். முனைவர் பட்டம் அப்படிப்பட்டதன்று. முதலில் குறைந்தது 12 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) அளவுக்குப் பாடங்கள் உண்டு. அதன் பிறகு அவளே ஒரு கேள்வியைக் கண்டெடுத்து, அதற்கான விடையை ஆய்வேடாக எழுத வேண்டும். அந்த ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள குறைந்தது இரண்டு தேர்வாளர்களிடம் போய், அவர்கள் பரிந்துரைத்த பிறகே வாய்மொழித் தேர்வு நடக்கும். என் துறையில் அன்று கூடத்தில் யார் வேண்டுமானாலும் அமரலாம், கேள்வியும் கேட்கலாம். குறைந்தது மூன்றாண்டு, பொதுவாக அதிகபட்சம் ஆறாண்டு. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டாண்டுச் சலுகையும் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. வீட்டில் கல்யாணப் பேச்சு எழும்போது இந்தக் கடைசி வரியை எடுத்துக் காட்டுங்கள்.

மணப்பாறை அண்ணன்:
இருவருக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கிறது, கல்லூரி மதிப்பெண் பட்டியலில் முன்னால் இருக்கிறது. திங்கட்கிழமை காலையிலேயே அவளை அழைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போகிறேன்.