தெ கிரிகோ: மேதையா, தேதியைத் திருத்தியவரா?

கரித்துண்டு: "ஓவியர் ஜார்ஜோ தெ கிரிகோ இல்லாவிட்டால், கனவுபோல் வரையும் சர்ரியலிசக் கலை இயக்கமே இல்லை" என்று இங்கே ஒருவர் முழங்கியிருக்கிறார். சரி, இருக்கட்டும். பிற்காலத்தில் வரைந்த படங்களில் 1910களின் தேதியைப் போட்டு விற்ற ஆளைத் தலையில் தூக்கி வைத்து ஆடணுமா?

நிழல்வெளி: முழங்கியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 1914இல் வரைந்த 'காதல் பாடல்' பார்த்திருக்கிறீர்களா? சுவரில் அப்பல்லோ சிலையின் தலை, பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கும் ரப்பர் கையுறை, கீழே ஒரு பச்சைப் பந்து. அதன் அச்சுப்பிரதியைப் பார்த்தே சர்ரியலிச ஓவியர் மாக்ரித் கண்கலங்கினார். மாக்ஸ் எர்ன்ஸ்ட், டாலி என்று அந்த இயக்கத்து ஓவியர்கள் எல்லாரும் இவரிடம் கடன்பட்டவர்கள்தான்.

கரித்துண்டு: கையுறை பிரமாதம். தேதி?

டப்பாவண்ணம்: 'கலக்கமூட்டும் கலைத்தேவியர்' என்ற தன் பழைய படத்தை மட்டும் 1945க்குப் பிறகு 18 தடவை திரும்ப வரைந்திருக்கிறார். ஜெராக்ஸ் கடை!

நிழல்வெளி: தன் படத்தைத் தானே வரைந்தால் அது போலியா? 1982இல் அமெரிக்க ஓவியர் வார்ஹோல் அதே தேவியரை வரிசையாக அச்சடித்தார். அவர் செய்தால் பாப் ஆர்ட், இவர் செய்தால் ஜெராக்ஸ்! 1919இல் 'கைத்திறனுக்குத் திரும்புவோம்' என்று எழுதி, பழைய மேதைகளை நகலெடுத்துப் பழகினார். அப்புறம் சர்ரியலிசத் தலைவர் பிரெத்தோனின் கூட்டம் அவரைக் கைகழுவியது. புதுப்படத்தைச் சீந்த ஆளில்லை, பழசுக்குத்தான் கிராக்கி. கேட்டதைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

கரித்துண்டு: கேட்டால் தேதியையும் சேர்த்தா கொடுப்பது? வார்ஹோல் தன் படத்தில் 1917 என்று போட்டாரா? தான் வரைந்த அசலையே 'என்னுடையதல்ல' என்று மறுத்த கதையும் உண்டே, அதற்கென்ன வக்காலத்து?

வோலோஸ்வாசி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பிறந்தது கிரேக்கத்து வோலோஸில், படித்தது ஏதென்ஸிலும் மியூனிக்கிலும். இத்தாலிய ஓவியர் என்று யார் பட்டா எழுதிக் கொடுத்தது?

நிழல்வெளி: குடும்பம் இத்தாலியக் குடும்பம் ஐயா! அப்பா கிரேக்கத்தில் ரயில்பாதை போடப்போன எஞ்சினியர். படங்களில் ரயில் புகைவிடுவது சும்மாவா? தேவியருக்குப் பின்னால் நிற்பதும் இத்தாலியின் ஃபெராரா நகரக் கோட்டைதான், ஏதென்ஸ் கோயில் இல்லை. ஓவியர் மோதிலியானியைப் பிரெஞ்சுக்காரர் என்று சாதித்தவர் நீங்கள்தானே?

வோலோஸ்வாசி: அதை இன்னும் மறக்கவில்லையா? மோதிலியானி பாரிஸில்தான் செத்தார்.

நிழல்வெளி: பிறந்தது இத்தாலியின் லிவோர்னோவில்! செத்த ஊரை வைத்துத்தான் குடியுரிமை என்றால் தெ கிரிகோ ரோமில் செத்தார், 1978இல். இப்போது சொல்லுங்கள், கிரேக்கரா?

கரித்துண்டு: யார் எந்த ஊரோ, படத்தில் போட்ட தேதி பொய்யா இல்லையா?

நிழல்வெளி: உங்களுக்குக் கண்காட்சிக்குப் போனாலும் ஓரத்தில் இருக்கும் கையெழுத்துதான் தெரியும்.

டப்பாவண்ணம்: கரித்துண்டை பிளாக் பண்ணிவிட்டதாகப் போன வாரம் சொன்னீர்களே நிழல்வெளி, பின்னே எப்படிப் பதில் போடுகிறீர்கள்?