‘இன்ஃபார்ம்ட் கன்சென்ட்’: நாளை அச்சுக்குப் போகிறது

காரைக்குடி, மாலை 6.10
‘இன்ஃபார்ம்ட் கன்சென்ட்’, அதாவது உளவியல் ஆலோசனைக்கு வருபவர் விவரம் தெரிந்துகொண்டு சம்மதிப்பதாகக் கையெழுத்திடும் படிவம். காலையில் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். மருத்துவ உளவியலாளரின் பெயர், அவர் தொழில் செய்யத் தேவையான இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவெண் எல்லாம் சேர்த்துவிட்டேன். தமிழ்த் தலைப்புதான் இடிக்கிறது. ‘தகவலறிந்த ஒப்புதல்’ என்று போட்டிருந்தேன். பேரனுடன் வந்த அப்பத்தா ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “தகவல் கேட்டு மனுப் போடுகிறோமா?” என்றார்.

தேவகோட்டை, 7.25
‘ஒப்புதல்’ என்றாலே காவல் நிலைய வாக்குமூலம்தான். ‘இசைவு’ இருக்கிறதே! நம் நகரத்தார் திருமணங்களில் இரு வீட்டாரின் திருமண ஒப்பந்தமாக இசைகுடிமானம் எழுதுகிறோம். ‘இசைபிடிமானம்’ என்பாரும் உண்டு. அதுவே மூலம், குடிமானம் திரிபு என்பது என் கட்சி. இசைதல், இயைதல், இணங்குதல் மூன்றையும் ஒரே வேரில் கட்டலாம். தனி மடலில் எழுதுகிறேன். இப்போதைக்கு ‘அறிந்திசைவு’.

பள்ளத்தூர், 8.40
அண்ணன், இசைகுடிமானத்தில் கையெழுத்திடுவது வீட்டுப் பெரியவர்கள். இங்கே சம்மதிக்க வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருப்பவர். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் பாருங்கள்: வற்புறுத்தல், மிரட்டல், ஏமாற்று இல்லாமல், பலன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை அவருக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகே சம்மதம் பெற வேண்டும். ‘அறிந்து’ என்றால் பொறுப்பு வந்தவர் தலையில் விழுகிறது. சொல்ல வேண்டியது நம் கடமை. ‘விளக்கிப் பெற்ற சம்மதம்’ என்று எழுதுங்கள்.

தேவகோட்டை, 8.52
தங்கச்சி, சம்மதம் வடசொல். ‘விளக்கிசைவு’?

பள்ளத்தூர், 8.55
திருக்கார்த்திகைக் கச்சேரி என்று நினைப்பார்கள்.

கானாடுகாத்தான், 9.30
இரண்டாம் பத்தியில் ‘ரகசியத்தன்மை’ வருகிறதே, யாரும் கவனிக்கவில்லையா? குறள் 1076-இல் ஒருவரிடம் கேட்ட ரகசியத்துக்கு ‘மறை’ என்ற சொல் இருக்கிறது. ‘மறைகாப்பு’ என்று மாற்றலாம். அப்படியே, பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992 மறுவாழ்வு மன்றச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அடியில் ஒரு வரி சேருங்கள்.

காரைக்குடி, 9.48
ஐயா, ‘மறைகாப்பு’ என்றால் வேதபாடசாலை என்பார்கள். தண்டனையை அச்சிட்டால் வந்தவர் தனக்குத்தான் சிறை என்று எழுந்து போய்விடுவார்.

காரைக்குடி, 11.35
மூன்று பேர் ‘விளக்கிப் பெற்ற சம்மதம்’ சரி என்றீர்கள். கோப்பை அனுப்பிவிட்டேன்.

தேவகோட்டை, 11.50
என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தான், காலை 5.15
இரவெல்லாம் உறுத்தியது. கையெழுத்திடுபவர் சம்மதம் தருபவர். அவர் தாளில் ‘பெற்ற’ என்று யார் பேசுகிறார்?