டிமேக்ஸ் திடீரென விழுகிறது, மாடலும் அடுத்த கிணற்றில் சொதப்புகிறது: உதவி தேவை

கேள்வி
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். காவிரிப் படுகையில் இரண்டு கிணறுகள், ஆண்டிமடம் அடுக்கின் ஷேல். கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த காமா (இயற்கைக் கதிர்வீச்சு), சோனிக் (ஒலி செல்லும் நேரம்), ரெசிஸ்டிவிட்டி (மின்தடை) லாக்குகளைக் கொடுத்து, ராக்-இவால் சோதனையின் எஸ்2-ஐ (பாறையைச் சூடாக்கும்போது அதன் கரிமப்பொருள் உடைந்து வெளிவரும் ஹைட்ரோகார்பன்) ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற மெஷின் லேர்னிங் மாடலில் கணிக்கிறேன். முதல் கிணற்றில் ஆர்-ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.91 வந்தது. கைடிடம் காட்டிப் பெருமைப்பட்டுவிட்டு மறுநாள் இரண்டாவது கிணற்றில் ஓட்டினால் 0.18! போதாததற்கு, முதல் கிணற்றில் 2610 மீட்டருக்குக் கீழே டிமேக்ஸ் (எஸ்2 உச்சம் தொடும் வெப்பநிலை, பாறை எவ்வளவு வெந்திருக்கிறது என்று காட்டுவது) 436 டிகிரியிலிருந்து 418-க்கு இறங்கிவிட்டது. ஒரு சாம்பிளில் டிஓசி (மொத்தக் கரிம கார்பன் சதவீதம்) 1.4, எஸ்1 (பாறையில் ஏற்கெனவே இருக்கும் ஹைட்ரோகார்பன்) 3.8, எஸ்2 2.1. நல்ல எண்ணெய் அடுக்கு என்று எழுதலாமா?

பழைய மட் லாக்கர்
அவசரப்படாதீர்கள் தம்பி. எண்ணெய் இருக்கிறது, அதை யார் ஊற்றினார்கள் என்பதுதான் கேள்வி. எஸ்1-ஐ எஸ்1, எஸ்2 கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.64 வருகிறது, எண்ணெய் உருவாகும் கட்டத்தில் இது சுமார் 0.1-லிருந்து 0.4 வரைதான் இருக்கும். ஆழம் கூடக்கூட டிமேக்ஸ் ஏற வேண்டும், வெந்த சோறு திரும்ப அரிசியாகுமா? வேறு அடுக்கிலிருந்து ஊறி வந்த எண்ணெயும் இப்படிக் காட்டும்தான், ஆனால் முதலில் மட்டைச் (துளையிடும்போது கிணற்றில் சுற்றவிடும் சேற்றுக் கரைசலை) சந்தேகப்படுங்கள்.

கேள்வி கேட்டவர்
தண்ணீர் மட் என்றுதான் போட்டிருக்கிறது அண்ணா.

பழைய மட் லாக்கர்
முகப்புத் தாளில் அப்படித்தான் இருக்கும். தினசரி டிரில்லிங் அறிக்கையைப் பாருங்கள், பைப் மாட்டிக்கொண்டால் டீசல் பில் (அதை விடுவிக்க ஒரு தொகுதி டீசல்) விடுவார்கள், ஷேல் இடியாமலிருக்கத் தார்ப்பொடியும் கொட்டுவார்கள். எஸ்2 வரைபடத்தில் முன்பக்கம் ஒரு திமில் தெரிந்தால் கட்டிங்ஸை (துளையிடும்போது மேலே வரும் பாறைத் துண்டுகளை) கரைப்பானில் கழுவி மறுபடி ஓட்டுங்கள். கழுவினால் சொந்த எஸ்1-உம் போய்விடும், அதை அப்புறம் கணக்கில் எடுக்காதீர்கள்.

லாக் பார்ப்பவன்
மாடல் பக்கம் நான் சொல்கிறேன். சாம்பிள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் பிரித்தீர்களா? அப்படியென்றால் பக்கத்துப் பக்கத்து ஆழங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் ஒன்றாக விழும், 0.91 வெறும் மனப்பாடம். ஆழத்தையும் உள்ளீடாகக் கொடுத்திருந்தால் தூக்கிவிடுங்கள். கட்டிங்ஸ் ஐந்து மீட்டர் கலவை, லாக்கோ 15 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி, அந்த இடைவெளி முழுக்கச் சராசரி எடுத்தீர்களா, இல்லை நடுப்புள்ளியை மட்டும் வைத்தீர்களா? லாக்கிலிருந்தே கரிமத்தைக் கணிக்கும் பாஸி குழுவின் 1990 முறையையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சோனிக்கில் அடிக்கு 50 மைக்ரோ செகண்டை ரெசிஸ்டிவிட்டியின் ஒரு பத்துமடங்குக்குச் சமமாக வைத்து, கரிமம் குறைந்த ஷேலில் இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால், விலகும் இடம்தான் உங்கள் கரிமம் மிகுந்த அடுக்கு. அதைவிட மோசமாகக் கணிக்கும் ஃபாரஸ்ட் எதற்கு?

கேள்வி கேட்டவர்
பத்து நாள் கழித்து வருகிறேன். 2610-இல் பைப் மாட்டியிருக்கிறது, டீசல் பில்லும் விட்டிருக்கிறார்கள், அறிக்கையின் ஓரத்தில் ஒரே வரி! கழுவிய பிறகு அதே சாம்பிளில் டிஓசி 1.03, எஸ்2 1.3, டிமேக்ஸ் 437. ஹைட்ரஜன் குறியீடு (எஸ்2-ஐ டிஓசியால் வகுத்து நூறால் பெருக்கியது) 126-தான், எண்ணெயைவிட வாயுதான் எதிர்பார்க்கலாம் போல. நடுப்புள்ளியைத்தான் வைத்திருந்தேன், சராசரிக்கு மாற்றியதும் இரண்டாவது கிணற்றில் 0.46 வந்தது. ஆனால் அங்கே காமா முழுக்க உயர்ந்தே நிற்கிறதே?

லாக் பார்ப்பவன்
அங்கே பொட்டாசியம் குளோரைடு மட்டா? பொட்டாசியமே காமாவை ஏற்றும். அதைத் திருத்திவிட்டு ஓட்டுங்கள்.