நீல டரான்டுலாக் குஞ்சு: வாங்கலாமா?

அம்பைக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பொசிலோதீரியா மெட்டாலிகா என்னும் நீலச் சிலந்தியின் குஞ்சு என்று கூறி, ஒருவர் எனக்குப் பெரும் விலை சொல்கிறார். அவர் அனுப்பிய படத்தில் அது கட்டைவிரல் நகத்தளவுகூட இல்லை. நிறமும் சாம்பலாகவே தெரிகிறது. ஏமாற்றுகிறாரோ?

தாமிரபரணிக்கரை:
நிறத்தை வைத்து ஐயப்பட வேண்டாம், தம்பி. ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும்தான் நீலம் ஏறும். அதுவும் சாயமன்று, மயிர்களின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. ஆந்திரத்துக் குத்தி ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒன்றைக் கொண்டு 1899இல் போகாக் என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர் இதை விவரித்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாகக் கண்ணில் படாமலிருந்து, 2001இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் காணப்பட்டது. அந்தக் காடும் சுருங்கிவருவதால், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக 2008இல் பட்டியலிடப்பட்டது.

களக்காட்டு வாசகன்:
வனத்துறையிடம் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். பொசிலோதீரியாப் பேரினம் முழுவதும் 2019 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஆவணமில்லாமல் வைத்திருப்பது வம்பு. முண்டந்துறைப் பக்கம் மரப்பொந்தில் இதன் உறவினம் ஏதேனும் கண்டாலும் படமெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரப்பட்டையில் எட்டுக் கால்களையும் பரப்பி ஒட்டிக்கிடக்கும் அது, விளக்கொளி பட்டதும் கண்ணிமைப்பதற்குள் மறைந்துவிடும். கடித்தால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் நீடிப்பதுண்டு.

அம்பைக்காரன்:
நன்றி, அண்ணாச்சி. ஆவணம் கேட்டேன், அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.