புதுப்பிப்பு: வீட்டில் போட்ட செராமிக் கோட்டிங், மூன்று மாதம் கழித்து

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள வீட்டில் நானே காருக்கு செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் பூசினால் இறுகிப் பாதுகாக்கும் திரவப் பூச்சு) போடப்போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். போட்டாயிற்று. டர்பன் கடற்காற்றின் உப்புப் படிவு இப்போது தண்ணீர் அடித்ததுமே பெரும்பாலும் போய்விடுகிறது.

பானெட்டில்தான் தவறு நேர்ந்தது. புழுக்கத்தில் திரவம் சீக்கிரம் இறுகிவிட்டது. துடைக்கத் தாமதித்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு, தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல ஒரு திட்டு. பாலிஷ் போட்டுத் தேய்த்தெடுத்து, எண்ணெய்ப் பசையை எடுக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, மறுபடி பூசினேன். ஒரு தடவைக்கு இரண்டடி சதுரம் போதும், நிழலில்.

கோட்டிங் பூசிய முன்கண்ணாடிதான் மனதை நிறைத்தது! என்2 நெடுஞ்சாலையில் மழையில் வேகமெடுத்தால் துளிகள் தாமாகவே மேலேறி ஓடுகின்றன. வைப்பர் முதலில் தடதடத்தது. ரப்பரைத் துடைத்ததும் சரியாகிவிட்டது. அப்புறம், கல் தெறித்தால் இந்தக் கோட்டிங் தாங்காது.