விம்மில் தமிழ் அடிப்பவர்கள், உங்கள் எடிட்டரை எப்படி வளைத்தீர்கள்?

வரிக்குதிரை

நிரல் எழுத எந்த எடிட்டர் நல்லது என்ற சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. வேலைக்கும் விம் எடிட்டர், வீட்டுக்கும் விம். நிறம் மாற்றுவது, ஓரத்தில் கோப்புப் பட்டியல் வைப்பது எல்லாம் எல்லோரும் செய்வதுதான். நான் மெனக்கெட்டது ஒரே ஒரு விஷயத்துக்கு: நிரலும் தமிழும் ஒரே கோப்பில் வரும்போது என்ன செய்வது?

விம்மில் எழுதும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு. கட்டளை நிலையில் எச், ஜே, கே, எல் நான்கும்தான் அம்புக்குறிகள். (பில் ஜாய் 1976 வாக்கில் விம்மின் முன்னோடியான வி எடிட்டரை எழுதப் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புகளை அந்த விசைகள் மேல்தான் அச்சிட்டிருந்தார்கள்.) தமிழ்99 விசைப்பலகை முறையில் அதே நான்கு விசைகள் க, ப, ம, த. ஒரு பத்தி தமிழில் அடித்து, எஸ்கேப் தட்டி, கீழே இறங்கலாம் என்று ஜே-வை அழுத்தினால் விம்முக்குப் போவது ‘ப’. அது பேசாமல் நிற்கும். சேமித்து மூட டபிள்யூ, கியூ அடித்தால் அடிவரியில் ‘ஈஆ’ என்று வரும், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று திட்டும் வரும்.

எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம் விம்மின் லாங்மேப் என்ற அமைப்பு. ‘க’ வந்தால் எச் என்று எடுத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்99-இல் ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் தானாகப் புள்ளி விழும். ஜே-வை இரண்டு தட்டு தட்டினால் ‘ப்ப’. போதாததற்கு லினக்ஸில் தமிழ் உள்ளிட உதவும் ஐபஸ் மென்பொருள் கடைசி எழுத்தை அடிக்கோடு போட்டுப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்து என்ன வருகிறது என்று பார்க்கும். லாங்மேப் இந்த வேலைக்கு ஆகாது.

சரிப்பட்டு வந்தது கீமேப், அதாவது விம்முக்குள்ளேயே இருக்கும் விசைப் பட்டியல். கணினியின் விசைப்பலகை எப்போதும் ஆங்கிலத்திலேயே இருக்கும், தமிழ் விம்முக்குள் மட்டும். விம் அடைவில் கீமேப் என்ற உறைக்குள் ஒரு கோப்பு வைக்க வேண்டும். லோட்கீமேப் என்று ஒரு வரி, அதற்குக் கீழே விசையும் எழுத்தும்: எச் என்றால் க, எச் கியூ என்றால் கா, எச் எஃப் என்றால் க். பதினெட்டு மெய், பன்னிரண்டு உயிர், கிரந்தம் தனி. கையால் அடித்தால் விடிந்துவிடும், பைத்தானில் இரண்டு லூப் போதும். க்கா, ப்பி போன்ற இரட்டிப்புகளுக்குத் தனி வரிகள் போட மறக்காதீர்கள். எழுதும் நிலையில் கன்ட்ரோலும் 6-உம் சேர்த்து அழுத்தினால் தமிழ் வரும், எஸ்கேப் அடித்தால் கட்டளைகள் பழையபடி ஆங்கிலம். திரும்ப எழுதப் போனால் விட்ட இடத்தில் தமிழ் தயாராக இருக்கும்.

அப்புறம் டெல்கம்பைன் என்ற விம் அமைப்பு. சும்மா விட்டால் பேக்ஸ்பேஸ் ‘க்’ முழுவதையும் தின்னும். இதைப் போட்டால் புள்ளி மட்டும் போகும்.

பக்கவாட்டு அடைப்பு

ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரைப் பயன்படுத்தும் எங்களுக்கு இந்தத் தலைவலியே வந்ததில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். கட்டளைகள் பெரும்பாலும் கன்ட்ரோலோடோ ஆல்ட்டோடோ வருகின்றன, தமிழ் உள்ளீட்டு முறை அவற்றைத் தொடாது. கன்ட்ரோலும் பின்சாய்கோடும் அழுத்தினால் மொழி மாறும், அவ்வளவுதான். எங்களுக்குத் தொல்லை எழுத்துகள் திரையில் சேரும் விதத்தில் இருந்தது. 27-ஆம் பதிப்பில் (2020) எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் வந்த பிறகு தனி சாளரத்தில் தமிழ் ஒழுங்காக வருகிறது. டெர்மினலுக்குள் திறந்தால் இன்னும் ‘கொ’ கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அங்கே நான் தமிழ் திறப்பதே இல்லை.

அரைப்புள்ளி

நான் விஎஸ் கோட் எடிட்டர். கஸ்டமைஸ் செய்யச் சோம்பல், வந்தது வந்தபடி வைத்திருப்பவன். ஒரு முறை மட்டும் நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் ஒன்று படுத்தி எடுத்தது: இரண்டு பக்கமும் ‘ரிக்‌ஷா’, அவசரப் பார்வைக்கு ஒரே மாதிரி, கணினி ஒப்பிட்டால் வேறு வேறு. ஒன்றில் க்-க்கும் ஷ-வுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடை எழுத்து இருந்தது. 2021 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து விஎஸ் கோட் இந்த மாதிரி எழுத்துகளைச் சுற்றிக் கட்டம் போட்டுக் காட்டுகிறது. சிலருக்கு அந்தக் கட்டம் எரிச்சல், உடனே அணைத்துவிடுகிறார்கள். தமிழ் கோப்புகளுக்கு அணைக்காதீர்கள்.

ஆனால் ‘கொ’-வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு குறிகளாகவும் வரலாம். அதற்கு எந்தக் கட்டமும் வராது. அதனால் கமிட்டுக்கு (மாற்றங்களைப் பதிவு செய்வதற்கு) முன்னால் எல்லாவற்றையும், கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை மாட்டி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் சொல்லுங்கள், போடுகிறேன்.