‘அவுட்கம் மெஷர்’: விளைவளவு எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கணைய அழற்சி மருந்தாய்வுகள் பற்றிய கட்டுரைக்கு ‘அவுட்கம் மெஷர்’ என்பதை, அதாவது சிகிச்சைக்குப் பின் நோயாளிக்கு என்ன ஆனது என்று அளக்கும் அளவை, தமிழில் ‘பலன் அளவீடு’ என்று வைக்கலாம் என ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜோதிடத்தில் கெட்ட பலனும் உண்டுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் ‘பலன் கிடைத்தது’ என்றால் குணமாகிவிட்டது என்றே பொருள்.

நெதர்லாந்தில் நடந்து 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான புரோபயாட்டிக் ஆய்வைப் பாருங்கள். கணைய அழற்சி கடுமையாகும் என்று கணிக்கப்பட்டவர்களுக்கு நல்ல பாக்டீரியாக்களைக் கொடுத்தால் தொற்று குறையுமா என்பதுதான் கேள்வி. தொற்றுச் சிக்கல்கள் மருந்துக் குழுவில் 30%, போலி மருந்துக் குழுவில் 28%. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இறப்பு? மருந்துக் குழுவில் 16%, மற்றதில் 6%. தொற்றை மட்டும் எண்ணியிருந்தால் ‘பயனில்லை’ என்பதோடு கதை முடிந்திருக்கும். அந்த இறப்புகளைப் ‘பலன்’ என்ற தலைப்பின் கீழ் எழுத எனக்குக் கை வரவில்லை.

‘முடிவு’ம் சரிவராது. ‘ஆய்வு முடிவு’ ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது. நோயாளியின் ‘முடிவு’ என்றால் கேட்கவே பயமாக இருக்கிறது. ‘விளைவு’ நல்லதற்கும் கெட்டதற்கும் பொருந்தும். ‘பக்க விளைவு’ நினைவுக்கு வரும் என்ற தயக்கம் புரிகிறது, ஆனால் அங்கே கெடுதலைக் காட்டுவது ‘பக்க’ என்ற அடைதான்.

ஆகவே என் பரிந்துரை: விளைவளவு. விளைவு வேறு, விளைவளவு வேறு என்பதையும் காப்பாற்ற வேண்டும். உறுப்புச் செயலிழப்பு ஒரு விளைவு. எந்த உறுப்பு, எந்த மதிப்பெண்ணுக்கு மேல், எத்தனை மணி நேரம் என்று வரையறுத்தால்தான் அது விளைவளவு. கணைய அழற்சியின் கடுமையைத் தரம் பிரிக்கும், 2012இல் திருத்திய அட்லாண்டா வகைப்பாடு, செயலிழப்பு 48 மணி நேரத்தைத் தாண்டினால்தான் நோயைக் ‘கடுமையானது’ என்கிறது. அந்த 48ஐ மாற்றினால் கணக்கே மாறிவிடும்.

பல விளைவுகளைச் சேர்த்து ஒன்றாக எண்ணும் ‘காம்போசிட்’டுக்குக் கூட்டு விளைவளவு. கணையத்தில் அழிந்து தொற்றுக்கு உள்ளான திசுவுக்குத் திறந்த அறுவையா, முதலில் குழாய் வைத்து வடித்துத் தேவைப்பட்டால் மட்டும் அறுவைக்குப் போகும் படிப்படியான சிகிச்சையா என்று ஒப்பிட்டு 2010இல் வெளியான பான்டர் ஆய்வில் 88 பேர்தான். இறப்பை மட்டும் வைத்து இத்தனை சிறிய ஆய்வில் வித்தியாசம் காண்பது கடினம். எனவே பெரிய சிக்கல்களையும் இறப்பையும் சேர்த்து எண்ணினார்கள். திறந்த அறுவையில் 69%, படிப்படியான சிகிச்சையில் 40%. இறப்பு மட்டும் ஏறக்குறைய சமம்: 16%, 19%. ‘கூட்டு’ என்ற சொல்லைப் பார்த்ததுமே ‘எதெல்லாம் கூட்டியது?’ என்று வாசகர் கேட்பார். அதுதான் வேண்டும்.

அப்புறம், நோயாளி தன் வாயால் சொல்வதற்கு என்ன பெயர்? பான்-ப்ராமிஸ் அளவுகோலில் வலி, வயிற்று உப்புசம், வாந்தி, சோர்வு முதலியவற்றோடு தாகமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நோயாளியே மதிப்பெண் தருகிறார். நாக்கு வறண்டு கிடப்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதி எவ்வளவு ஏறினாலும் நோயின் கடுமையைக்கூட அது சொல்லாது. ‘நோயாளி உரைக்கும் விளைவளவு’ என்று நீட்டியே எழுதுவோம்; சுருக்கினால் நோயாளி காணாமல் போகிறார்.

உண்மையான விளைவுக்குப் பதிலாக வேறொன்றை அளக்கும் ‘சரகேட்’டுக்குப் ‘பதிலி விளைவளவு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். பொருத்தமான வேறு சொல் இருந்தால் கட்டுரை அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.